நடவில் பிறந்த கலை
ஒரு சீன எழுத்தின் மூவாயிரம் ஆண்டுப் பயணம்

நண்பர்களே, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு படுக்கைக் கோடு. அதன் குறுக்கே பக்கத்துக்கொன்றாக இரண்டு சிறிய செங்குத்துக் கோடுகள். அவற்றின் கீழே, நீரில் மிதக்கும் வாத்தைப் போல வளைந்து வந்து வலப்பக்கம் வாலைத் தூக்கி நிற்கும் ஒரே ஒரு கோடு. மொத்தம் நான்கே கோடுகள். இப்போது நீங்கள் ஒரு சீன எழுத்தை எழுதிவிட்டீர்கள்!

சீன மொழியில் அதன் ஒலி 'யீ'. குரலை மேலிருந்து சட்டென்று கீழே இறக்கிச் சொல்ல வேண்டும். பொருள், கலை. 'யீஷு' என்றால் கலைத்துறை. 'வூயீ' என்றால் போர்க்கலை. 'வென்யீ' என்றால் இலக்கியமும் கலையும். 'ஷொவ்யீ' என்றால் கைவேலைத் திறன். சிங்கப்பூரில் 1938ஆம் ஆண்டு ஓவியர் லிம் ஹாக் தாய் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகத்தின் இன்றைய சீனப் பெயரில் இந்த எழுத்து இருக்கிறது. 2002ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எஸ்பிளனேட் அரங்கின் சீனப் பெயரிலும் இருக்கிறது. நம் நாட்டில் சீனர்கள் நடத்தும் நடனப் பள்ளி, ஓவிய வகுப்பு என எங்கும் பெயர்ப்பலகையில் தலைகாட்டும் எழுத்து இது. நாளும் நூறு முறை நம் கண்ணில் படுகிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் அதை ஓர் எழுத்தாகப் பார்த்திருக்கிறோம்?

நானும் பார்த்ததில்லை, முதலாம் ஆண்டு விடுதி அறையில் ஒரு சீனத் தோழி வந்து சேரும் வரை.

அவள் பெயரிலேயே இந்த எழுத்து உண்டு. ஒருநாள் அவள் தன் புத்தகத்தில் பெயர் எழுதும்போது பொருள் கேட்டேன். "கலை" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்கள் தாத்தா இதை இப்படி எழுதமாட்டார். அவருக்குப் பழைய எழுத்துதான் எழுத்து" என்று சொல்லிப் பதினெட்டுக் கோடுகள் கொண்ட ஒரு பெரிய வடிவத்தை எழுதிக் காட்டினாள். நான்கு கோடு எங்கே, பதினெட்டுக் கோடு எங்கே! இரண்டும் ஒரே எழுத்து என்றால் நம்ப முடியவில்லை. இருவரும் சேர்ந்து நூலகத்தில் எழுத்து வரலாற்று அகராதி ஒன்றை எடுத்துப் புரட்டினோம். அதில் அந்த எழுத்தின் மிகப் பழைய வடிவத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அங்கே எழுத்து இல்லை. ஒரு மனிதன் இருந்தான். மண்டியிட்டு, இரு கைகளையும் நீட்டி, ஒரு சிறு கன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எலும்பில் கிடைத்த மனிதன்

சீன எழுத்துகளில் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பழமையான பெருந்தொகுதி எலும்பில் கீறப்பட்டது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஷாங் மரபின் மன்னர்கள் மழை வருமா, அறுவடை செழிக்குமா, போரில் வெற்றி கிட்டுமா என்று முன்னோர்களிடம் குறி கேட்டார்கள். மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ ஆமையின் வயிற்று ஓட்டிலோ சூடு காட்டி, விழும் விரிசலைப் பார்த்துப் பலன் சொல்லி, கேள்வியை அதிலேயே பொறித்து வைத்தார்கள். பின்னாளில் ஹெனான் மாநிலத்து ஆன்யாங் பகுதி உழவர்கள் இந்த எலும்புகளை நிலத்திலிருந்து தோண்டி எடுத்து, 'டிராகன் எலும்பு' என்று மருந்துக் கடைகளுக்கு விற்றுவந்தார்கள். மருந்தாக அரைபட்டுக்கொண்டிருந்தது பழங்கால எழுத்து என்பதை 1899ஆம் ஆண்டு வாங் யீரோங் என்னும் அறிஞர் அடையாளம் கண்டார்.

அந்த எலும்புகளில்தான் நம் மனிதன் மண்டியிட்டிருக்கிறான். ஒரு பக்கம் செடி, மறுபக்கம் கை நீட்டிய மனிதன். காலப்போக்கில் செடியின் அடியில் மண்ணைக் குறிக்கும் வடிவமும் சேர்ந்தது. செடி, மண், மனிதன். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன பொருள்? நடுதல். வேறு எதுவும் இல்லை. கலை என்ற எண்ணமே அப்போது அந்த எழுத்தில் கிடையாது.

கி.பி. 100ஆம் ஆண்டளவில் ஷு ஷென் என்பவர் 9,353 எழுத்துகளுக்கு விளக்கம் எழுதிச் சீனத்தின் புகழ்பெற்ற எழுத்து அகராதியை முடித்தார். ஷாங் காலத்து எலும்புகளை அவர் பார்த்ததில்லை. அவை அப்போது மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்தன. ஆயினும் இந்த எழுத்துக்கு அவர் தந்த பொருள் நடுதல் என்பதே. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து எலும்புகள் வெளியே வந்து அவருக்குச் சாட்சி சொன்னதுபோல் ஆயிற்று.

தினை விதைத்தவர்கள்

பழைய நூல்களிலும் இந்த எழுத்து மண்வாசனையோடுதான் நடமாடுகிறது. சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பான 'ஷீஜிங்' நூலில் சணல் விதைப்பதைப் பற்றிப் பேசும் இடத்தில் இது வருகிறது. இன்னோர் இடம் நெஞ்சைத் தொடுவது. அரசன் ஏவிய வேலை முடிவதாய் இல்லை. ஊருக்குத் திரும்ப வழியில்லை. தினை விதைக்க முடியவில்லை. வீட்டில் பெற்றோர் எதை நம்பி இருப்பார்கள் என்று புலம்புகிறான் ஒருவன். அந்தப் புலம்பலில் 'விதைக்க' என்ற சொல் நம் எழுத்துதான்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மெங்சி, அதாவது மென்சியஸ், பழங்காலத்தில் 'ஹொவ் ஜீ' என்பவர் மக்களுக்கு ஐவகைத் தானியங்களைப் பயிரிடக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதுகிறார். ஹொவ் ஜீ என்றால் 'தினையின் தலைவன்' என்று பொருள். சோவ் மரபு அவரைத் தன் முதல் மூதாதையாகக் கொண்டாடியது. அந்த இடத்திலும் பயிரிடுதலைச் சொல்ல வந்து நிற்பது இதே எழுத்து.

நடவு எப்படிக் கலை ஆனது?

இங்கேதான் சுவையான திருப்பம். கன்று நடுவதைக் குறித்த சொல் எப்படி ஓவியத்துக்கும் இசைக்கும் போனது?

நட்டுப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். ஆழம் கூடினால் தண்டு அழுகும். குறைந்தால் வேர் காயும். எப்போது நட வேண்டும், எவ்வளவு நீர், எவ்வளவு நிழல் என்பதெல்லாம் கை பழகினால்தான் வரும். அப்படிப் பழகி வரும் கைத்திறனையும் அந்தச் சொல் குறிக்கத் தொடங்கியது. நடும் திறன், பிறகு எந்தத் திறனும், அதன்பின் கற்றுத் தேர்ந்த கலை என்று பொருள் படிப்படியாக விரிந்தது.

சோவ் காலத்தில் உயர்குடி இளைஞர்கள் கற்க வேண்டிய ஆறு கலைகளுக்கு 'லியூ யீ' என்று பெயர். சடங்கு முறை, இசை, வில்வித்தை, தேரோட்டம், எழுத்து, கணக்கு ஆகியவை அந்த ஆறும். இதில் வரும் 'யீ' நம் எழுத்தேதான். ஆனால் பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஆறில் ஒன்றாகக் கூட நடவு இல்லை! பெயரைக் கொடுத்த தொழிலுக்கு வீட்டுக்குள் இடமில்லாமல் போயிற்று.

'லுன் யு' என்னும் கன்பூசியசின் உரையாடல் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஃபான் சீ என்னும் மாணவர் தானியம் பயிரிடவும் காய்கறி வளர்க்கவும் கற்றுத்தரும்படி ஆசிரியரைக் கேட்கிறார். அதற்கு நான் அனுபவப்பட்ட உழவனுக்கு ஈடாக மாட்டேன் என்கிறார் கன்பூசியஸ். மாணவர் வெளியே போனதும், அவன் சிறிய மனிதன் என்று மற்றவர்களிடம் சொல்கிறார். ஆள்பவர்கள் நெறியோடு நடந்துகொண்டால் மக்கள் தாமே தேடி வருவார்கள், அப்புறம் பயிரிடக் கற்பது எதற்கு என்பது அவர் வாதம். அவர் காலத்து அரசியலை வைத்துப் பார்த்தால் அந்த வாதத்துக்கும் நியாயம் இருக்கலாம். ஆனாலும் கலைகளைப் போற்றிய ஆசான் நடவு கற்க வந்த மாணவரைச் சிறியவர் என்றது, அந்த எழுத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்குச் சற்று வலிக்கத்தான் செய்யும்.

பழைய பொருளை விடாமல் வைத்திருக்கும் துறையும் உண்டு. தோட்டக்கலைக்குச் சீனத்தில் 'யுவான்யீ' என்று பெயர். 'யுவான்' என்றால் தோட்டம். அங்கே 'யீ' இன்றைக்கும் மண்ணில் கால் வைத்து நிற்கிறது.

மனிதன் மறைந்த கதை

பொருள் மாறியது போலவே உருவமும் மாறியது. மண்டியிட்ட மனிதனின் உருவம் தூரிகை எழுத்தில் சுருங்கிச் சுருங்கி, இன்று 'உருண்டை' அல்லது 'மாத்திரை' என்று பொருள்படும் வேறோர் எழுத்தைப் போலவே ஆகிவிட்டது. எழுத்து நடுவதைக் குறிக்கிறது என்பது மங்கவே, நினைவூட்டுவதற்காகத் தலையில் புல்லைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தார்கள். பின்னர் அடியிலும் ஓர் உறுப்பு சேர்ந்தது. தனியாக நின்றால் அதற்கு முதலில் மேகம் என்று பொருள். பிறகு 'சொல்' என்றும் பொருள் வந்தது. இப்படித்தான் என் தோழியின் தாத்தா எழுதும் பதினெட்டுக் கோட்டு வடிவம் பிறந்தது. தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் அதுதான் வழக்கு.

ஒலியும் ஊருக்கு ஊர் மாறியது. மாண்டரினில் 'யீ', கொரிய மொழியில் 'யே', ஜப்பானில் 'கெய்', ஹொக்கியனில் 'கே'. காண்டனீசில் இது 'ஙை'. ஆம், நம் நெடுங்கணக்கில் இடம்பெற்றும் நாம் எழுதவே எழுதாத அந்த 'ஙை'தான்! கோலாலம்பூர்க் கடைத்தெருவில் அது உயிரோடு ஒலிக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் தன் எழுத்துகளை எளிமையாக்கியது. பதினெட்டுக் கோட்டில் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, மேலே உள்ள புல்லையும் கீழே உள்ள மேகத்தையும் மட்டும் சேர்த்து வைத்தார்கள். எடுக்கப்பட்ட நடுப்பகுதி எது தெரியுமா? செடி, மண், மண்டியிட்ட மனிதன். உயிர்நாடியே அதுதான்! சேர்க்கை உறுப்புகள் தங்கிவிட்டன, நட்டவன் வெளியேறிவிட்டான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. புல்லும் மேகமும் சேர்ந்த அந்த வடிவம் ஏற்கெனவே வேறோர் எழுத்தாக இருந்தது. ஒலி 'யுன்'. நம் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு போல, பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகங்களுக்குள் வைக்கும் ஒரு நறுமணச் செடியின் பெயர் அது. எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானின் நாரா நகரில் அமைந்த 'உன்தெய்' என்னும் பழைய நூலகத்தின் பெயரில் இருப்பது இந்த எழுத்தே. பழைய சீன நூல்களில் இதற்குக் களையெடுத்தல் என்ற பொருளும் உண்டு. நடவின் இடத்தில் களையெடுப்பு வந்து உட்கார்ந்துவிட்டது! டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் தன் பெயரை இன்றும் பழைய முழு வடிவிலேயே எழுதுகிறது.

சீனா 1956ஆம் ஆண்டில் வேறு வழியில் எளிமையாக்கியது. புல்லை மட்டும் வைத்துக்கொண்டு, கீழே ஒலிக்காக 'யீ' என்றே ஒலிக்கும் இன்னோர் எழுத்தைப் பொருத்தினார்கள். நீங்கள் முதலில் வரைந்த அந்த வாத்துக் கோடு அதுதான். சிங்கப்பூர் 1969 முதல் படிப்படியாக எளிய எழுத்துகளை ஏற்று, 1976இல் சீனாவின் பட்டியலோடு முழுமையாக இணைந்தது. மலேசியச் சீனப் பள்ளிகளிலும் 1980களிலிருந்து எளிய எழுத்தே நிலைபெற்றது. அதனால்தான் தாத்தா பதினெட்டும் பேத்தி நான்குமாக எழுதுகிறார்கள்.

அந்த வாத்துக் கோட்டிலும் ஒரு வியப்பு இருக்கிறது. ஷு ஷென் தம் அகராதியில் அதற்குத் தந்த விளக்கம், இளவேனிலில் வளைந்து நெளிந்து வெளியே வரும் முளை என்பதாகும். அந்த விளக்கத்தை இன்றைய ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. 1956இல் எழுத்தைச் சீர்திருத்தியவர்களுக்கும் ஒலிதான் தேவைப்பட்டது. ஆனாலும் நட்டவனை வெளியேற்றிய இடத்தில், ஷு ஷென் கண்ணுக்கு முளையாகத் தெரிந்த கோடு ஒன்று வந்து அமர்ந்திருப்பது அழகான தற்செயல்!

காப்பிக்கடையில் அவனைத் தேடுங்கள்

அப்படியானால் மண்டியிட்ட மனிதன் முற்றிலும் மறைந்துவிட்டானா? இல்லை. அடுத்த முறை சீனர் காப்பிக்கடைக்குப் போகும்போது விலைப்பட்டியலைக் கவனித்துப் பாருங்கள். 'சூடு', 'குளிர்' என்று பானங்களைப் பிரித்திருப்பார்கள். சூட்டுக்கு உரிய எழுத்தின் ஒலி 'ரே'. அடியில் நெருப்பைக் குறிக்கும் நான்கு புள்ளிகள் இருக்கும். அதன் பழைய வடிவத்தில், நெருப்புக்கு மேலே ஒலிக்காக வைக்கப்பட்டிருந்தது நம் நடவு எழுத்தேதான். இன்றைய எளிய வடிவில் செடியும் மண்ணும் போய், அவற்றின் இடத்தில் கையைக் குறிக்கும் உறுப்பு வந்துவிட்டது. ஆனால் வலப்பக்கத்து மேல்மூலையில், 'உருண்டை' போல மாறிப்போன அந்த மனிதன் இன்னும் இருக்கிறான். 'ஆற்றல்', 'நிலைமை' என்று பொருள்படும் 'ஷீ' என்ற எழுத்திலும் அதே மூலையில் அவன் இருக்கிறான். கலையிலிருந்து விலக்கப்பட்டவன் சூட்டிலும் ஆற்றலிலும் தங்கிவிட்டான்!

நம் மொழி என்ன சொல்கிறது?

நடவுக்கும் கலைக்கும் உள்ள இந்த உறவு சீனருக்கு மட்டும் உரியதா? 'கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரான இலத்தீன் சொல்லுக்கு நிலத்தை உழுது பேணுதல் என்று பொருள். அதற்கு ஈடாக ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் பரப்பிய 'பண்பாடு' என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். மனத்தையும் பண்படுத்துகிறோம், நிலத்தையும் பண்படுத்துகிறோம். நன்செய், புன்செய் என்னும்போது 'செய்' என்றால் வயல். வேலையைச் செய் என்னும்போதும் அதே ஒலிதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மொழிகள் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன.

தாத்தா

என் தாத்தா தோட்டத்தில் ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர். நாற்றங்காலில் வரிசை வரிசையாகக் கன்றுகள் நிற்கும். ஒவ்வொரு கன்றின் முன்னும் மண்டியிட வேண்டும். தரையை ஒட்டிய தண்டில் பட்டையைச் சன்னலைப் போல் திறந்து, நல்ல மரத்திலிருந்து சீவி எடுத்த மொட்டுப் பட்டையை உள்ளே செருகி, காற்றுப் புகாமல் சுற்றிக் கட்ட வேண்டும். கத்தி சற்று ஆழமாகப் போனால் கன்று கெட்டது. கை சற்றுத் தாமதித்தால் மொட்டு காய்ந்தது. மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, நகத்தால் இலேசாகக் கீறிப் பார்ப்பார்கள். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது என்று பொருள். தாத்தா கட்டியது பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும் என்று பாட்டி சொல்வார்.

நான் கலைப்புலத்தில் சேர்ந்தபோது தாத்தா மகிழ்ந்தார். ஆனால் அருகில் உட்கார்ந்து, "நமக்கு என்னம்மா கலை தெரியும்? முட்டி தேயக் கன்றுக்கு முன்னால குனிஞ்சதுதான் தெரியும். நீயாவது நிமிர்ந்து படி" என்றார். நானும் அன்று தலையாட்டினேன். கலை வேறு, கன்று வேறு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

அகராதியில் அந்த மனிதனைப் பார்த்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். தாத்தாவிடம் அந்தப் பழைய வடிவத்தை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். "இது என்ன தாத்தா?" என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், ஒரு கணமும் யோசிக்கவில்லை. "இதென்ன கேள்வி? ஒட்டுக் கட்டறான்" என்றார்.

சீனம் படித்த தோழிக்குத் தெரியாத பொருள், எந்தச் சீன எழுத்தும் அறியாத என் தாத்தாவுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. "தாத்தா, சீனர்கள் கலைக்கு இந்த எழுத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, நம்மில் பலரின் குடும்பத்தில் ஒரு தலைமுறைக்கோ இரண்டு தலைமுறைக்கோ முன்னால் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். அவர் முதுகில் ஏறித்தான் நாம் இந்த வளாகத்துக்குள் வந்தோம். பட்டமளிப்பு விழாவில் அவர்களை முன்வரிசையில் அமர்த்துவது நல்லதுதான். அதற்கு முன் ஒருநாள் அவர்கள் அருகில் அமர்ந்து, அந்தக் கைகளுக்குத் தெரிந்தது என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். கூடவே, பக்கத்து அறை நண்பரிடம் அவர் மொழியில் ஓர் எழுத்துக்குப் பொருள் கேட்போம். நம் வீட்டுக் கதை அங்கேயும் எழுதப்பட்டிருக்கலாம்!